அதே ஓட்டையில் இரண்டாவது குண்டு

கண் கெட்டுப்போன மனுஷன் துப்பாக்கி கெட்டுப்போச்சு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தால் கட்டிக்கொண்டவள் என்ன செய்ய முடியும்? நான் நயமாகச் சொல்லிப் பார்த்தேன். சண்டை போட்டுப் பார்த்தேன். க்ரீட் அசையவில்லை. அவர் பிடித்த பிடியை விட வைக்க இந்த டென்னசி மலையில் இதுவரை யாரும் பிறக்கவில்லை.

வசந்த காலத்தில்தான் ஆரம்பித்தது. களஞ்சியச் சுவரில் பலகை மாட்டிச் சுட்டுப் பழகும்போது குண்டுகள் அங்கும் இங்கும் போக ஆரம்பித்தன. சக்கிமுக்கிக் கல்லை மாற்றினார். குண்டைச் சுற்றும் துணியை மாற்றினார். வெடிமருந்து ஈரம் என்றார், குறிமுனையை அரத்தால் ராவினார். கடைசியில் குழலே தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, கல்யாணத்துக்கு முன்பிருந்தே வைத்திருந்த துப்பாக்கியை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவனுக்கு விற்றுவிட்டார். அவன் அதே துப்பாக்கியால் அடுத்த வாரமே இரண்டு வான்கோழி அடித்தான்.

தேய்ந்தது குழல் இல்லை, அவருடைய வலது கண். காப்பியைக் கோப்பைக்குப் பக்கத்தில் மேசைமேல் ஊற்றினார். வலது பக்கமாக நான் வந்தால் திடுக்கிட்டார். பேசும்போது கோழி மாதிரி தலையைச் சாய்த்து இடது கண்ணால் பார்த்தார். கேட்டால் தூசி என்பார். எத்தனை மாதம் ஐயா ஒரு தூசி கண்ணில் இருக்கும்?

மான் சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. அதுதான் என் பயம். எங்கள் மகள் இவடெல் ஒவ்வொரு வருஷமும் அப்பாவோடு மேட்டுக்குப் போவாள். அவர் பாறைக்குப் பக்கத்தில் உட்காருவார். அவள் சுற்றிக்கொண்டு போய் அடர்ந்த லாரல் புதருக்குள் நுழைந்து, மானைக் கலைத்து அவர் பக்கம் ஓட்டிக்கொண்டு வருவாள். விடியற்காலைப் பனிமூட்டத்தில் புதர் அசையும். அசைவது மானா மகளா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அந்தக் கண்தான்.

அக்டோபர் சனிக்கிழமை, ஹூபர்ட்டின் ஓடைப் புல்வெளியில் மாட்டிறைச்சிப் பந்தயம். ஒரு மாட்டை ஐந்து பங்கு வைப்பார்கள். நன்றாகச் சுட்டவனுக்கு முதலில் பின்தொடை. வெட்டிக் கிடத்திய பெரிய மரத்தின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து, படுத்துக்கொண்டு சுட வேண்டும். அவரவர் பலகையை அவரவரே நெருப்பில் கருக்கி, கத்தியால் குறுக்குக் கோடு கீறிக் கொண்டுவருவோம். கருப்புப் பலகை, அதில் வெள்ளைக் கீறல். அந்த வெள்ளைக் கீறலைக் க்ரீட் காலையில் நெருப்பருகே விரலால் தடவித் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

துப்பாக்கி செய்கிற லோன்ஸோ தன் வண்டியின் பின்பலகையில் ஒரு கம்பளியை விரித்து இரண்டு துப்பாக்கிகளை வைத்திருந்தான். ஒன்று அலையலையாய் ரேகை ஓடும் மேப்பிள் கட்டை, பித்தளைப் பூண், கன்னம் வைக்கிற இடத்தில் வெள்ளியில் பிறை. எட்டுப் பட்டைக் குழல், நல்ல கனம். இன்னொன்று வால்நட் கட்டை, கறுத்த இரும்புப் பூண், கொஞ்சம் லேசு, அலங்காரம் எதுவும் இல்லை. அதன் விசைப்பூட்டு இடது பக்கம் இருந்தது. கேட்டுச் செய்யச் சொன்ன இடதுகைக்காரன் வேலை கிடைத்து ஃப்ளோரிடா போய்விட்டானாம்.

"அண்ணே, இதத் தூக்கிப் பாருங்க" என்று லோன்ஸோ மேப்பிளை நீட்டினான். "மரத்து மேல வச்சுச் சுட்டா ஆடாது, அசையாது. ஆனா மலை ஏறுறப்ப உங்க தோளு என்னையத் திட்டும்."

"என் தோளு பேசாது தம்பி. பேசுறதுக்குன்னுதான் கூடவே ஒருத்தியக் கூட்டியாந்திருக்கேனே" என்றார் க்ரீட்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணையும் எடுத்துப் பாரேன். மேட்டுக்கு அதுதான் லேசு" என்றேன்.

"அது இடதுகைத் துப்பாக்கி அண்ணி" என்றான் லோன்ஸோ.

"தெரியுதுப்பா. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

க்ரீட்டின் கழுத்து நரம்பு புடைத்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. சக்கிமுக்கித் துப்பாக்கியில், பூட்டோடு ஒட்டிய சின்னக் கிண்ணியில் தூவுகிற மருந்து பற்றும்போது பக்கவாட்டில் நெருப்பைத் துப்பும். வலது கண்ணால் பார்ப்பவனுக்குப் பூட்டு கட்டைக்கு அந்தப் பக்கம், முகம் இந்தப் பக்கம். அதே துப்பாக்கியில் இடது கண்ணுக்கு மாறினால் நெருப்பு நேராகக் கன்னத்தில் அடிக்கும். ஆகவே கண் மாறினால் துப்பாக்கியும் மாற வேண்டும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் அந்த வால்நட் கட்டையைக் கையில் எடுத்தாலே போதும், ஏன் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"என்ன மாப்ளே, இந்த வயசுல கைய மாத்துறியா?" என்றான் வெர்லின். அவன்தான் க்ரீட்டுக்கு எப்போதும் போட்டி. எதிலும் இரண்டாவதாக வந்து வந்து வாய் மட்டும் முதலாவதாக வளர்ந்தவன். "அடுத்து என்னத்த மாத்தப் போற? பாவம் லீனா."

"உன்னைய மாத்த முடியலையேன்னுதான் இருபது வருசமா உன் வீட்டுக்காரி அழுவுறா" என்றார் க்ரீட். பிறகு லோன்ஸோவிடம், "தம்பி, இந்த மேப்பிள வச்சு இன்னைக்குப் பந்தயத்துல சுடுறேன். மனசுக்குச் சரின்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"தாராளமாண்ணே."

வண்டியின் மறைவுக்கு வந்ததும் என் முழங்கையைப் பிடித்தார். "இன்னொரு வார்த்த பேசுன, வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுருவேன்."

"இவடெல் உன் முன்னாடி புதருக்குள்ள இருந்து வரப்போறா. நான் வாய மூடிட்டு இருக்கணுமா?"

"என் மக எனக்குத் தெரியாதா?"

"தெரியுமான்னுதான்யா கேக்குறேன்."

அவர் என் கையை விட்டுவிட்டுப் போனார்.

சுடுகிற மரத்துக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டியிருக்கும். சுடுகிறவர்களும் நடுவரான ஹூபர்ட்டும் தவிர யாரும் அதைத் தாண்டக் கூடாது. இன்னொரு வழக்கமும் உண்டு: மரத்தருகே மருந்து கெட்டித்துவிட்ட துப்பாக்கியை, அது யாருடையதாக இருந்தாலும், கெட்டித்தவன் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. அதைப் பற்றி அவன் சொல்வதுதான் கடைசி வார்த்தை. என் அப்பா காலத்திலும் அப்படித்தான். அந்த வழக்கத்தால் எங்கள் ஊரில் எத்தனையோ சண்டை வராமல் போயிருக்கிறது.

க்ரீட்டும் வெர்லினும் ஒரே சுற்றில் படுத்தார்கள். ஆளுக்கு மூன்று குண்டு. க்ரீட் கழுத்தை முறுக்கி, தாடையைக் கட்டைமேல் ஏற்றி, இடது கண்ணைக் குழலுக்கு நேராகக் கொண்டுவரப் படாத பாடு பட்டார்; எட்டவில்லை, கடைசியில் வலது கண்ணையே வைத்தார். மற்றவர்கள் அதைப் புதுத் துப்பாக்கியோடு பழகுகிறார் என்று நினைத்தார்கள். முதல் குண்டு போனது. ஹூபர்ட் தூரக்கண்ணாடியில் பார்த்து, "கீறலுக்கு ஒரு வெரக்கடை பக்கத்துல!" என்று கத்தினான். எல்லோரும் கை தட்டினார்கள். குருட்டு அதிர்ஷ்டம்தான் இந்த உலகத்திலேயே பொல்லாதது. ஒரு தடவை கை கொடுத்தால் மனுஷன் அதைத் தன் திறமை என்று நம்பிவிடுவான்.

இரண்டாவது குண்டுக்கு இருவரும் ஒரே நேரத்தில் விசையை இழுத்தார்கள். ஒரே வெடிச்சத்தம்தான் கேட்டது. வெர்லின் பக்கமிருந்து வெள்ளைப் புகை காற்றில் உருண்டு வந்து க்ரீட்டை மூடியது. ஆனால் அதற்குச் சற்று முன்பு நான் பார்த்தேன். க்ரீட்டின் கிண்ணியில் பளிச்சென்று ஒரு நெருப்பு, மேலே ஒரு சின்னப் புகை; குழல்வாயில் ஒன்றும் இல்லை. கிண்ணி மருந்து மட்டும் எரிந்து, உள்ளே பற்றாமல் போயிருந்தது.

பழைய துப்பாக்கியாக இருந்தால் உதைக்கவில்லை என்று தோளே சொல்லியிருக்கும். இது புதுசு, கனமானது, எவ்வளவு உதைக்கும் என்று அவருக்குத் தெரியாது. கண் நன்றாக இருந்தால் குழல்வாயில் புகை வராததைப் பார்த்திருப்பார். காதில் விழுந்த வெடி தன்னுடையது என்று நினைத்துக்கொண்டார். எழுந்து நின்று குழலுக்குள் மருந்தை ஊற்றினார், துணியில் குண்டைச் சுற்றி வைத்தார், கோலால் கெட்டித்தார். நானும் தப்பாகப் பார்த்திருக்கலாம் என்று ஒரு நொடி எனக்கும் சந்தேகம் வந்தது. அப்போதுதான் கோலைக் கவனித்தேன்.

லோன்ஸோ கோலில் ஒரு கருப்பு வளையம் கீறியிருந்தான். ஒரு மருந்து, ஒரு குண்டு சரியாக இறங்கினால் அந்த வளையம் குழல்வாயோடு வாயாக நிற்க வேண்டும். இப்போது வளையத்துக்குக் கீழே இன்னும் மூன்று விரல் அளவு கோல் வெளியே தெரிந்தது. அவர் வளையத்தைப் பார்க்கவேயில்லை. கோலை உருவிக் கீழே வைத்தார். கிண்ணி நெருப்பு குழலுக்குள் போகிற சின்னத் துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார்.

"க்ரீட்! சுடாத! உள்ள ரெண்டு கெடக்கு!"

என் குரல் ஓடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். பயறு கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியோடு திரும்பினார்கள்.

"யாரும் சுடாதீங்க!" என்று ஹூபர்ட் கையைத் தூக்கினான். "என்னாச்சு லீனா?"

"ரெண்டாவது வெடிக்கவேயில்ல. கிண்ணிதான் எரிஞ்சுது. அதுக்கு மேலேயே கெட்டிச்சிட்டாரு. கோலு மூணு வெரக்கடை மேல நின்னுச்சு!"

"இவளுக்கு என்ன தெரியும்? அங்கேருந்து பாத்தாளாம்" என்றார் க்ரீட், என்னைப் பார்க்காமல். "வெடிச்சுது."

"நான் என் துப்பாக்கியத்தான் பாத்துட்டு இருந்தேன்" என்றான் வெர்லின். முதல்முறையாக அவன் குரலில் கேலி இல்லை. "பலகையப் பாத்தா தெரிஞ்சிரும்."

ஹூபர்ட் நடந்துபோய்ப் பலகையைப் பார்த்தான். அங்கிருந்தே ஒரு விரலைக் காட்டினான். "ஒரு ஓட்டைதான் இருக்கு!"

"அதே ஓட்டையில போயிருக்கும்" என்றார் க்ரீட்.

யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர் அப்படிச் சுட்டதை அங்கே பாதிப் பேர் ஒருமுறை பார்த்திருக்கிறார்கள். அந்தப் பலகை இன்னும் ஹூபர்ட் வீட்டு அடுப்பங்கரையில் தொங்குகிறது. ஹூபர்ட் குனிந்து சுண்டுவிரலை ஓட்டையில் விட்டுச் சுற்றிப் பார்த்தான்.

"இல்ல க்ரீட். ரெண்டு போயிருந்தா ஓரம் கொஞ்சமாச்சும் பிஞ்சிருக்கும். வட்டமா கெடக்கு. ஒண்ணுதான்."

"அப்ப தவறிப்போச்சு."

பலகையையே விட்டுத் தள்ளி ஒரு குண்டு போயிற்று என்று க்ரீட் தன் வாயால் சொன்னதை யாரும் இதுவரை கேட்டதில்லை. சொந்தப் பெருமையையே காலில் போட்டு மிதித்துவிட்டார், அந்தக் கண்ணை மறைப்பதற்காக. இனி அவர் எதற்கும் நிற்கமாட்டார்.

"அண்ணே, எதுக்கு வம்பு, கோல விட்டு ஒரு தடவ அளந்து பாத்துருங்களேன்" என்று லோன்ஸோ கெஞ்சினான். "புதுக் குழலு. தாங்கலாம், தாங்காமலும் போகலாம். நானே செஞ்சதுதான், ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்."

"உன் பொண்டாட்டி சொல்றத நீ கேளு. என் பொண்டாட்டி சொல்றத நான் பாத்துக்குறேன்."

ஹூபர்ட் திரும்பி வந்தான். முகம் வெளிறிக் கிடந்தது. "க்ரீட், வழக்கப்படி கேக்குறேன். உன் வார்த்த என்ன?"

"ஒரு குண்டு. சுடப்போறேன்."

ஹூபர்ட் என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். வழக்கத்தை மீற அவனுக்கு வாய் வரவில்லை. க்ரீட் மரத்தின்மேல் குழலைச் சாய்த்துப் படுத்தார். கிண்ணியில் மருந்து தூவினார். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருக்கும் குதிரையைப் பின்னுக்கு இழுத்தார், அது பூட்டிக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. என் சித்தப்பா மகன் ஒருவன் இப்படித்தான் இரட்டை மருந்தைச் சுட்டான். இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது; இன்றைக்கும் சட்டைப் பொத்தான் போட அவனுக்குப் பெண்டாட்டி வேண்டும். அவனுக்கு விரலோடு போயிற்று.

நான் கயிற்றைத் தாண்டினேன்.

"லீனா! கயிறு!" என்று ஹூபர்ட் அலறினான். யாரோ என் பாவாடையைப் பிடித்தார்கள், பிடுங்கிக்கொண்டு போனேன். எனக்குப் பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. இத்தனை வருஷம் இந்த ஆளுக்குச் சோறு போட்டு, துணி துவைத்து, காய்ச்சலில் கால் பிடித்துவிட்டது, ஒரு தூசிக்காக வாரிக் கொடுப்பதற்கா? ஈரப் புல்லில் அவர் பக்கத்தில் படுத்தேன். என் முகத்தைக் கொண்டுபோய் அந்தப் பூட்டுக்கு அருகில், குழல் கட்டையோடு சேருகிற இடத்தில் வைத்தேன். வெடித்தால் அங்கேதான் வெடிக்கும்.

"எந்திரி" என்றார்.

"மாட்டேன். சுடு."

"லீனா, எந்திரிடி."

"ஒரு குண்டுதானே உள்ள இருக்கு? நீதான் ஊருக்கே சொல்லிட்டியே. உன் வார்த்தைய நானும் நம்புறேன். இழு."

அவருடைய விரல் விசைமேல் இருந்தது. மருந்து வாசனையும் துணியில் தடவிய கொழுப்பு வாசனையும் மூக்கில் ஏறின. வெர்லின் மெதுவாகத் தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அப்பால் நகர்ந்தான்.

"எதுக்குடி என்னைய இப்படி சாவடிக்கிற?"

"நான் உன்னையவா சாவடிக்கிறேன்?"

பிறகு அவர் கட்டைவிரலால் குதிரையைப் பிடித்து, விசையைத் தளர்த்தி, மெல்ல மெல்ல இறக்கினார். கிண்ணியைத் திறந்து மருந்தை ஊதினார். நெற்றியை அந்த வெள்ளிப் பிறையின்மேல் கவிழ்த்துக்கொண்டார்.

"கோலுல கோடு கீறியிருக்கான்னுகூட எனக்குத் தெரியாது லீனா. பலகையே தெரியல. வெள்ளையா என்னமோ ஒண்ணு மெதக்குது, அதப் பாத்துச் சுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தோளில் ஒரு குத்து விட்டேன், வலிக்கிற மாதிரியே விட்டேன்.

அவர் எழுந்து முழங்காலில் நின்றார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். மெதுவாகச் சொல்லியிருந்தாலும் முன்னால் நின்ற நாலு பேருக்குக் கேட்டிருக்கும், அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"என் வலது கண்ணு போச்சு. வசந்தத்துலேயே போச்சு. ஹூபர்ட், நான் சொன்ன வார்த்த பொய்யி. உள்ள என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியாது. தம்பி, வந்து பிடுங்கிப் பாரு."

லோன்ஸோ கோலின் நுனியில் திருகாணியைப் பொருத்தி உள்ளே விட்டுத் திருகினான். இழுக்க இழுக்க ஒரு குண்டு துணியோடு வந்தது. குழலைக் கவிழ்த்தான், மருந்து கொட்டியது. மறுபடியும் திருகாணியை உள்ளே விட்டான். இந்த முறை அவன் கை வியர்த்து வழுக்கியது. இரண்டாவது குண்டும் வந்தது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஹூபர்ட்டிடம் காட்டினான். ஹூபர்ட் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

க்ரீட் அந்தக் குண்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த வால்நட்டக் கொண்டா" என்றார்.

வெர்லின் வாயைத் திறந்தான், என்னைப் பார்த்தான், மூடிக்கொண்டான். நான் கயிற்றுக்கு உள்ளேயே நின்றேன். ஹூபர்ட் போகச் சொல்லவில்லை.

இடது தோளில் கட்டையை வைக்கவே அவருக்குத் தெரியவில்லை. கால்களை எந்தப் பக்கம் நீட்டுவது என்று தடுமாறினார். வலது கை தானாக விசையைத் தேடிப் போனது, இடது கையால் அதைத் தள்ளிவிட்டார். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல கண்ணால், நேரான கழுத்தோடு நிதானமாகக் குறி பார்த்துச் சுட்டார். புகை விலகியது. ஹூபர்ட் தூரக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் இறக்கினான்.

க்ரீட் என் பக்கம் திரும்பினார். கல்யாணமான நாளிலிருந்து தன் குண்டு எங்கே போனது என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை.

"எங்க போச்சு லீனா?"

பக்கத்தில்தான் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

"பலகையிலேயே படல. மேல, இடது பக்கம், பலகைக்குப் பின்னாடி மண்மேட்டுல போய்ப் பூந்துச்சு. ஒரு முழம் இருக்கும்."

தலையை ஆட்டினார். துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கழுத்திலிருந்த மருந்துக் கொம்பைக் கழற்றினார். அதில் அவர் என்னைக்கூட விரல் வைக்க விட்டதில்லை.

"இந்த வருசம் நான் மேட்டுக்கு வரலைன்னு இவடெல்கிட்டச் சொல்லிரு" என்றார். பிறகு கொம்பை என்னிடம் நீட்டினார். "நீயே அளந்து ஊத்து. இன்னொண்ணு சுட்டுப் பாப்போம்."